வாசலில் நிற்கும் கம்பம்

வீட்டு வாசலுக்கு நேரே மின்கம்பம் நிற்கிறது என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொல்பவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "விண்ணப்பம் எழுதிக் குடுங்க சார். எஸ்டிமேட் போட்டுத் தர்றோம். பணம் கட்டினா மாத்திடலாம்." கார் வாங்கியதால் கேட்டை அகலமாக்கியவருக்கும் இதே பதில். மாடி எடுத்த பிறகு கம்பி கைக்கு எட்டுவதைப் பார்த்துப் பயந்தவருக்கும், தன் பட்டா நிலத்தில் தன்னைக் கேட்காமலே கம்பம் நட்டிருப்பதைக் கண்டு கொதித்தவருக்கும், தெருவை அகலப்படுத்தியபோது கம்பத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனதால் அவதிப்படுபவருக்கும் இதே பதில்தான். ஆனால் இந்த நால்வரின் நிலையும் ஒன்றல்ல. இவர்களில் ஒருவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டியவர். இன்னொருவர் பணம் கட்ட வேண்டியதே இல்லாமல் இருக்கலாம்; அவருக்கு இழப்பீடுகூட வர வேண்டியிருக்கலாம். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள் சட்டத்தில் உண்டு. அலுவலக மேசையில் அவை எழுவதில்லை என்பதுதான் என் கவலை.

கம்பம் அங்கே எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிக் கோவைப் பகுதிக்கு மின்சாரம் கொடுத்தது. 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் உருவான பின் கம்பிகள் ஊர் ஊராகப் போயின. ஊருக்குள் போனதைவிட வயலுக்குள் போனது அதிகம் என்றே சொல்லலாம். இன்று இம்மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு பம்புசெட்டுக்கும் கம்பி வரப்பை ஒட்டியோ வயலைக் குறுக்கே கடந்தோ, குறைந்த தூரத்தில் எது வருமோ அப்படிப் போனது. அப்போது யாரும் மறுக்கவில்லை. கிணற்றில் மோட்டார் ஓடுவது பெரிதா, வரப்பில் ஒரு கம்பம் நிற்பது பெரிதா? பெரியவர் தலையாட்டியிருப்பார். அந்தச் சம்மதம் எந்தத் தாளிலும் இல்லை.

பிறகு வயல்கள் மனைகளாயின. மனைப் பிரிவுக்குக் கல் நட்டவர்கள் தெருவை வரைந்தார்கள், பூங்காவுக்கு இடம் விட்டார்கள், பழைய மின்பாதையை அது இருந்த இடத்திலேயே விட்டார்கள். வரப்பில் நின்ற கம்பம் ஒரு மனையின் நடுவிலோ அதன் வாசலிலோ போய்ச் சேர்ந்தது. கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் அளவோடு இருக்கும். தலைக்கு மேலே போகும் கம்பி இருக்காது. மனையை வாங்கியவர் வீடு கட்டத் தொடங்கும்போதுதான் அண்ணாந்து பார்க்கிறார். நகரங்களின் விளிம்பில் நடக்கும் கம்பத் தகராறுகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விற்றவர் பாதையை மாற்றிக் கொடுத்துவிட்டு விற்றிருக்க வேண்டும். அனுமதி கொடுத்தவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். இருவரும் விட்டதன் செலவு கடைசியாக வந்தவர் தலையில் விழுகிறது.

சட்டம் முதலில் பார்ப்பது கம்பம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை. தெருவில் நின்றால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 67ஆம் பிரிவு பொருந்தும். மின் விநியோகம் செய்பவர் தெருவைத் தோண்டலாம், பாதை போடலாம். ஆனால் முடிந்த அளவுக்குக் குறைவான சேதமும் இடைஞ்சலும் ஏற்படும்படிதான் செய்ய வேண்டும், விளைந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இழப்பீட்டில் தகராறு வந்தால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கும். வாசலை நேரே மறித்து ஒரு கம்பம் நடுவது, பக்கத்தில் ஐந்தடி தள்ளி நட இடம் இருக்கும்போது, 'குறைவான இடைஞ்சல்' ஆகாது. இந்த வாதத்தை விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் 'தயவுகூர்ந்து' என்றுதான் தொடங்குகிறார்கள்.

கம்பம் சொந்த நிலத்தில் நின்றால் கதை மாறுகிறது. 2006ஆம் ஆண்டின் உரிமதாரர் பணிகள் விதிகளில் மூன்றாம் விதி, நிலத்திலோ கட்டடத்திலோ பாதை போடவும் கம்பமோ இழுவைக் கம்பியோ நிறுத்தவும் உரிமையாளரின் முன்சம்மதம் வேண்டும் என்கிறது. அவர் ஆட்சேபித்தால் மாவட்ட ஆட்சியரிடமோ, காவல் ஆணையரிடமோ, அரசு அதிகாரம் அளித்த வேறு அலுவலரிடமோ எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிய பிறகுதான் செய்யலாம். இதைவிட முக்கியம் அதே விதியின் அடுத்த வரம்புரை: நட்ட பிறகும், எப்போது வேண்டுமானாலும், உரிமையாளர் போதிய காரணம் காட்டினால் கம்பத்தை அகற்றவோ மாற்றவோ ஆட்சியர் ஆணையிடலாம். இதெல்லாம் நேற்று வந்த யோசனை அல்ல. 1910ஆம் ஆண்டின் பழைய மின்சாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே சம்மதமும், சம்மதம் கிடைக்காதபோது மாவட்ட நடுவரின் ஆணையும் இருந்தன. நூறாண்டுக்கு மேலாக ஏட்டில் இருக்கும் ஓர் உரிமை, அதை உடையவரின் காதுக்கே எட்டாமல் இருக்கிறது.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கும் உண்டு. மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவுப்படி அரசு ஓர் ஆணை போட்டு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்தித் துறைக்குக் கொடுத்திருந்த அதிகாரங்களை மின் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால் முன்சம்மதம் தேவையில்லை. 2016இல் பவர்கிரிட் நிறுவனத்துக்கும் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் அது பெரிய உயர்கோபுர மின்பாதையைப் பற்றிய வழக்கு. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து நாலு வீட்டுக்குப் போகும் கம்பிக்கும் இந்த அதிகாரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஆணையின் நகலைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். தந்திச் சட்டத்துக்குள்ளும் நில உரிமையாளருக்கு ஆதரவான இரண்டு விஷயங்கள் உண்டு. 10ஆம் பிரிவு, கம்பம் நட்டவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, நிலத்தில் வேறு எந்த உரிமையும் இல்லை என்கிறது. 17ஆம் பிரிவு, உரிமையாளர் தன் நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்த விரும்பி அதற்காகப் பாதையை மாற்றக் கேட்டால், நிறுவனம் மறுக்கும்போது மாவட்ட நடுவரிடம் போகலாம் என்கிறது. முன்பு இழப்பீடு வாங்கியிருந்தால், மாற்றும் செலவு அல்லது வாங்கிய இழப்பீட்டில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்க வகைசெய்தாலும், 164ஆம் பிரிவின்கீழ் போடும் மின்பாதைகளுக்கு அந்தப் பழைய பகுதி தொடர்ந்து பொருந்தும் என்று விட்டு வைத்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை அளப்பது. வருவாய்த் துறையின் புலப்படத்தை எடுத்து, கட்டணம் செலுத்தி நில அளவரை அழைத்து, கம்பம் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இதைச் செய்தால் சில சமயம் கசப்பான உண்மை வெளிவரும். கம்பம் தெருவில்தான் நின்றிருக்கும். சுற்றுச்சுவர்தான் தெருவுக்குள் வந்திருக்கும். கம்பத்தையே மதிலுக்குள் வைத்துக் கட்டியிருக்கும் வீடுகள் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? பழுது வரும் இரவில் லைன்மேன் ஏணியோடு வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று வீட்டுக்காரரை எழுப்ப வேண்டியிருக்கிறது. அப்படிக் கட்டியவர் கம்பம் தன் வீட்டுக்குள் நிற்பதாகப் புகார் எழுத உரிமை இல்லாதவர்.

இரண்டாவது கேள்வி இடைவெளி. இந்திய மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி 650 வோல்ட் வரையான தாழ்வழுத்தக் கம்பி மாடிக்கு மேலே போனால் மொட்டைமாடியின் மிக உயர்ந்த இடத்திலிருந்து 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் போனால் கட்டடத்திலிருந்து 1.2 மீட்டர். 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பிக்குப் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். அளக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேல் இடைவெளியைக் கம்பி மிக அதிகமாகத் தொய்யும் நிலையில் கணக்கிட வேண்டும். பக்க இடைவெளியைக் காற்று கம்பியை மிக அதிகமாகத் தள்ளும் நிலையில். கம்பி வெயிலில் நீண்டு தொய்யும். மார்கழிக் காலையில் சரியாக இருக்கும் அளவு சித்திரை மதியத்தில் தவறிப்போகும். அமைதியான ஒரு மாலையில் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிப் போவது அளவாகாது. (வீட்டுக்காரர் தானே டேப்பையோ கம்பையோ நீட்டி அளக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஆண்டுதோறும் துறட்டி, அலுமினிய ஏணி, ஈரத்துணி, கட்டுமானக் கம்பி என்று ஏதோ ஒன்று மேலே பட்டு உயிர் போகிறது, அதனால் சொல்கிறேன்.)

இடைவெளி குறைந்ததற்கு யார் காரணம் என்பதில்தான் செலவு யாருடையது என்பது அடங்கியிருக்கிறது. அந்த விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. மின்பாதைக்கு அருகே புதிதாகக் கட்டவோ இருப்பதை நீட்டவோ போகிறவர், மின் விநியோகம் செய்பவருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகவல் வந்ததும் விநியோகம் செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பாதை விதிப்படி போடப்பட்டதா என்பதை. மாற்றும் செலவுக்கு மனுதாரர் பொறுப்பாளியா என்பது அதை ஒட்டி எழும் கேள்வி. பொறுப்பாளி என்றால் மதிப்பீடு கொடுத்துப் பணம் கட்டச் சொல்லலாம். அந்த மதிப்பீட்டிலும் பழைய பாதையிலிருந்து கழற்றியெடுக்கும் பொருளின் தேய்மானம் போக மிஞ்சும் மதிப்பைக் கழிக்க வேண்டும். தகராறு வந்தால் மின் ஆய்வாளர் தீர்மானிப்பார்.

முதலில் வந்தது எது என்பதே இங்கே அடிப்படை. கம்பி 1978இல் போயிருக்கிறது, வீடு 2005இல் வந்தது, தரைத்தளம் மட்டும் இருந்தவரை இடைவெளி சரியாக இருந்தது, 2019இல் மாடி எடுத்து சன்ஷேடையும் நீட்டியதும் கம்பி இரண்டடியில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செலவு வீட்டுக்காரருடையது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் தெரிவிக்காமல் கட்டியது தன் குடும்பத்தை மட்டுமல்ல, சாரம் கட்டிய கொத்தனாரையும் சித்தாளையும் ஆபத்தில் தள்ளியது. இதையே திருப்பிப் பார்ப்போம். வீடு முன்பே இருந்தது. பிறகு புது இணைப்புக்காகவோ டிரான்ஸ்பார்மருக்காகவோ போட்ட கம்பி இடைவெளி இல்லாமல் வந்தது. இங்கே வீட்டுக்காரரிடம் மதிப்பீட்டை நீட்டுவது அநீதி. தன் பிழையைத் திருத்த நிறுவனம் பிறரிடம் கட்டணம் கேட்பதாகும் அது. இதைக் காட்ட வீட்டுக்காரரிடம் சான்றுகள் இருக்கும்: கட்டட அனுமதியின் தேதி, முதல் சொத்துவரி ரசீது, பழைய புகைப்படம். நிறுவனத்தின் பக்கம் பாதைக்கு ஒப்புதல் தந்த கோப்பும் வரைபடமும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அவற்றைக் கேட்கலாம். கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் டிரான்ஸ்பார்மர் பெயரும் கம்ப எண்ணும் அந்த மனுவில் இருந்தால் 'எந்தக் கம்பம் என்று தெரியவில்லை' என்ற பதில் வராது.

நிறுவனத்துக்கும் இதில் அக்கறை இருக்கக் காரணம் உண்டு. மத்தியப் பிரதேச மின்சார வாரியம் எதிர் ஷைல் குமாரி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், அறுந்து விழுந்த மின்கம்பியால் ஓர் உயிர் போனால் நிறுவனம் கவனமாக இருந்ததா இல்லையா என்ற கேள்வியே எழாது, ஆபத்தான பொருளைக் கையாள்பவர் என்ற முறையில் அது முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இடைவெளி குறைந்திருப்பதாக எழுத்தில் தெரிவித்த ஒரு மனு, பதிவெண்ணோடு அலுவலகத்தில் கிடக்கும்போது விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை எந்தப் பொறியாளரும் அறிவார். அதனால்தான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதும் ஒப்புகை வாங்கி எழுதித் தருவதும் ஒன்றல்ல.

இனி நடைமுறை. பணம் கட்டிக் கம்பம் மாற்றும் முறைக்கு அலுவலகத்தில் டி.சி.டபிள்யூ. என்று பெயர், கேட்பவரே வைப்புத்தொகையாக முழுச் செலவையும் கட்டிச் செய்விக்கும் வேலை. உதவிப் பொறியாளரோ போர்மேனோ வந்து இடத்தைப் பார்த்து, ஸ்கெட்ச் போட்டு, மதிப்பீடு தயாராகி, ஒப்புதல் மேலே போய் வரும். ஒற்றைத் தாழ்வழுத்தக் கம்பத்துக்கே தொகை பல பத்தாயிரம் ரூபாயைத் தொடும். உயரழுத்தப் பாதை, டிரான்ஸ்பார்மர் என்றால் லட்சங்கள். பணத்தைக் கட்டுமுன், 'இந்தக் கம்பம் விதிப்படி நிற்கிறதா, என்னிடம் செலவைக் கேட்பது எந்த விதியின்கீழ்' என்று எழுத்தில் கேட்பது நல்லது. மறுப்போ மௌனமோ பதிலானால் மின்பகிர்மான வட்டத்தில் இயங்கும் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். இரண்டும் மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு உண்டாக்கியவை. வழக்கறிஞர் இல்லாமலே நுகர்வோர் அங்கே நேரில் பேசலாம். சொந்த நிலத்தில் நிற்கும் கம்பம் என்றால் ஆட்சியருக்கு மனு கொடுக்கும்போது மூன்றாம் விதியை எண்ணோடு குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது மக்கள் குறைதீர் நாளின் மற்ற மனுக்களோடு சேர்ந்து, பரிந்துரைக் கடிதமாகி, புறப்பட்ட பிரிவு அலுவலகத்துக்கே திரும்பி வரும்.

பொறியாளர் 'முடியாது' என்றால் எப்போதும் அது சாக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கம்பம் தனியாக நிற்கும் பொருள் அல்ல. இரு பக்கத்துக் கம்பிகளின் இழுப்புக்கு நடுவில் நிற்பது. பாதை நேர்க்கோட்டில் போகும்வரை இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். ஒரு கம்பத்தைக் கோட்டிலிருந்து நாலடி விலக்கினால் அங்கே ஒரு திருப்பம் உண்டாகிறது. கம்பம் சாயாமல் இருக்க எதிர்ப்புறம் ஸ்டே கம்பி கட்ட வேண்டும். அந்த ஸ்டே எங்கே போய் இறங்கும்? பக்கத்து வீட்டு வாசலில். கம்பத்தின் நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர் ஆழக் குழி. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் ஓடும் ஒடுக்கமான தெருவில் அந்தக் குழிக்கு இடம் தேட வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடினால் கம்பி தொய்ந்து சாலைக்கு மேலுள்ள உயரம் குறையும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பிக்குக் குறைந்தது 5.8 மீட்டர் உயரம் வேண்டும். கரும்பு லாரியும் தேர்த் திருவிழாவும் உள்ள ஊர்களில் இந்த எண்ணின் அருமை தெரியும். அந்தக் கம்பத்திலிருந்து சுற்று வீடுகளுக்குப் போகும் சர்வீஸ் வயர்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். பொறியாளரோடு பேசும்போது இந்தச் சிக்கலை உணர்ந்து பேசுபவருக்கு உண்மையான காரணத்தையும் தட்டிக்கழிப்பையும் பிரித்தறிய முடியும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயம் வருகிறது. என் வாசலிலிருந்து கிளம்பும் கம்பம் மறைந்துபோவதில்லை. அது வேறு ஒருவரின் வாசலுக்குப் போகிறது. அலுவலகத்தில் இதற்கு வைத்திருக்கும் வழி, பக்கத்து வீட்டுக்காரரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்கி வரச் சொல்வது. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பது என்ன? தெருவில் வசதியும் செல்வாக்கும் உள்ள வீடு கேட்கும்போது எதிரே உள்ள ஓட்டு வீட்டு அம்மாள் மறுக்க முடிவதில்லை. வாடகைக்கு இருப்பவரைக் கேட்பதே இல்லை. வெளியூரில் இருப்பவரின் காலி மனைக்கு முன்னால் கம்பம் போய் நின்றுவிடும். அவர் பத்து வருடம் கழித்து வீடு கட்ட வரும்போது அவர்தான் 'பிறகு வந்தவர்'. புறம்போக்கில் குடியிருப்பவர்களிடம் சம்மதம் கேட்கவே யாருக்கும் தோன்றாது. ஒரு தெருவில் கம்பங்களும் ஸ்டே கம்பிகளும் டிரான்ஸ்பார்மரும் குப்பைத் தொட்டியும் எந்தெந்த வீட்டின் முன் நிற்கின்றன என்று வரைந்து பார்த்தால், யாருக்குக் குரல் இருக்கிறது என்பதன் வரைபடமும் அதுவாகவே இருக்கும்.

இதற்குத் தீர்வு சம்மதக் கடிதத்தில் இல்லை, இடம் தேர்ந்தெடுக்கும் விதியில் இருக்கிறது. கம்பம் இரண்டு மனைகளுக்கு நடுவிலுள்ள எல்லைக்கோட்டின் நேரே நிற்க வேண்டும். அங்கே நிற்கும் கம்பம் யாருடைய வாசலையும் மறிக்காது, இருவருக்கும் பொதுவாக இருக்கும். நல்ல களப்பணியாளர்கள் இதைத் தாமாகவே செய்கிறார்கள். பல தெருக்களில் கம்பங்கள் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் அது ஒரு கம்பியாளரின் நல்ல மனதாக இருக்கிறதே தவிர, கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக இல்லை. எல்லைக்கோடுதான் முதல் இடம், அது முடியாவிட்டால் ஏன் என்று கோப்பில் எழுத வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையம் விநியோக விதித்தொகுப்பில் ஒரு வரி சேர்த்தால் பாதித் தகராறு பிறக்கவே பிறக்காது.

மின்கம்பத்தோடு விஷயம் முடிவதில்லை. அதில் கேபிள் டிவி வயரும் இணைய இழைகளும் சுருள் சுருளாகத் தொங்குகின்றன. அறுந்து தொங்கும் வயரில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று கீழே போகிறவருக்குத் தெரியாது. சிற்றூர்களில் பெரும்பாலும் கம்பம் மின் நிறுவனத்துடையது, அதில் எரியும் விளக்கு ஊராட்சியுடையது. அதனால் விளக்கைப் பற்றிய புகார் ஓரிடம், கம்பத்தைப் பற்றியது வேறிடம். 2022இல் திருத்தப்பட்ட வழியுரிமை விதிகள், தெருவிளக்குக் கம்பம் போன்ற தெரு அமைப்புகளில் சிறு கைப்பேசி அலைக்கருவிகளைப் பொருத்த நகரத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய், ஊரகத்தில் 150 ரூபாய் என்று கட்டணம் வைத்தன. 2025 ஜனவரி 1 முதல் புதிய தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இருக்கும் கம்பத்தையே பகிர்ந்துகொள்வது புதுக் கம்பம் நடுவதைவிட நல்லதுதான். ஆனால் தன் சன்னலுக்கு நேரே கம்பத்தில் ஒரு பெட்டி ஏறும்போது அது யாருடையது, யாரைக் கேட்பது என்று வீட்டிலிருப்பவருக்குச் சொல்லும் கடமையும் அதனோடு வர வேண்டும்.

எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் கொண்டுபோய்விட்டால் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயல் அடிக்கும் கரையில் புதைவடம்தான் சரி. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் அந்த வேலை எடுக்கப்பட்டதும் அதனால்தான். செலவு பல மடங்கு, பழுது வந்தால் தோண்டித் தேட வேண்டும் என்பவை தெரிந்த சிரமங்கள். தெரியாத ஒன்று: கம்பம் போனால் பெட்டி வரும். சென்னையில் புதைவடம் உள்ள தெருக்களில் நடைபாதை ஓரம் நிற்கும் பில்லர் பாக்ஸ் அதுதான். கதவு கழன்று, மழைத் தண்ணீர் முழங்கால் உயரம் நிற்கும் நாளில் அதன் அருகே போகப் பயப்படாதவர் இல்லை. அந்தப் பெட்டியும் யாரோ ஒருவரின் வாசலில்தான் நிற்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மண்ணுக்கடியிலும் விடை இல்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இங்கே பயன்படும். இங்கிலாந்தின் ஹல் நகரம் 1904இலேயே நகராட்சி நடத்தும் தொலைபேசி நிலையத்தைத் தொடங்கிய ஊர். நாட்டின் மற்ற பகுதிகள் ஒரே பெரிய நிறுவனத்தின்கீழ் இருந்தபோதும் ஹல்லின் தொலைபேசி தனியாகவே இருந்தது. கடந்த சில ஆண்டுகளில் புதிய இணைய நிறுவனங்கள் அங்கே வந்து, ஏற்கெனவே தரைக்கடியில் குழாய் உள்ள தெருக்களிலும் மரக்கம்பங்களை நட்டன. மக்கள் தெருவில் இறங்கினார்கள், குழி தோண்டும் இடத்தில் நின்று மறித்தார்கள். அங்கும் அவ்வகைக் கம்பத்துக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. உள்ளாட்சிக்கு 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். அதனால் அந்த மக்கள் பெரும்பாலும் தோற்றார்கள். ஆனால் அவர்கள் கையில் நமக்கு இல்லாத இரண்டு பிடிகள் இருந்தன. 3 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கம்பம் ஒன்றை நட்டால், நட்டவரின் பெயரும் முகவரியும் கொண்ட அறிவிப்பை மூன்று நாளுக்குள் அதிலேயே பொருத்த வேண்டும் என்பது அந்நாட்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பின் கட்டளை. கம்பத்தால் தன் வீடோ நிலமோ பாதிக்கப்பட்டவர் அது வந்த 12 மாதங்களுக்குள் எழுத்தில் ஆட்சேபித்து, தீராவிட்டால் நீதிமன்றம் போகலாம் என்பது இன்னொன்று.

நம் தெருவில் கடப்பாரையோடு ஆள் வந்து குழி தோண்டத் தொடங்கும்போதுதான் வீட்டிலிருப்பவருக்குச் செய்தி தெரிகிறது. 'என்னப்பா தோண்டுறீங்க?' என்று கேட்டால், 'எங்களுக்குத் தெரியாது சார், காண்ட்ராக்டர் சொன்னாரு' என்று பதில் வரும். கம்பம் நின்று, கம்பி ஏறி, மின்சாரம் பாய்ந்துவிட்டால் அதை மாற்றுவது டி.சி.டபிள்யூ. வேலையாகிவிடும். குழிக்கும் கம்பிக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் மாற்றினால் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. குழியை மூடிவிட்டுப் பக்கத்தில் ஒன்று தோண்ட வேண்டும், அவ்வளவுதான். தெருவில் புதிதாகக் கம்பம் நடுமுன் அதன் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, நடுபவர் யார், எந்த அலுவலகம், என்றைக்குள் ஆட்சேபிக்கலாம் என்பதை அந்த வீட்டிலும் இரு பக்கத்து வீடுகளிலும் எதிர்வீட்டிலும் எழுத்தில் கொடுப்பதைக் கட்டாயமாக்க ஒரு சட்டத் திருத்தம்கூட வேண்டாம். 67ஆம் பிரிவின் 'குறைவான இடைஞ்சல்' என்ற கடமையை நிறைவேற்றும் வழிமுறை என்று ஆணையமோ அரசோ ஒரு சுற்றறிக்கை விட்டாலே போதும். கம்பத்தை மாற்றும் வேலைக்கும் இதையே பின்பற்றலாம். மதிப்பீட்டோடு வரும் ஸ்கெட்சில் பழைய இடத்தைப் போலவே புதிய இடத்தையும், அது எந்த வீட்டின் முன் வருகிறது என்பதையும் குறித்து, பணம் கட்டச் சொல்லுமுன் அந்த வீட்டுக்கும் ஒரு நகல் போக வேண்டும். அங்கே குடியிருப்பவர் வாடகைக்காரராக இருந்தாலும், பட்டா இல்லாதவராக இருந்தாலும் அவர் பெயருக்கே போக வேண்டும்.